கேரவன் நம்முடையது, அடிமனை யாருடையது?

வணிகப் பெருமக்களுக்கு ஓய்வு என்பது பஞ்சாங்கத்தில் இல்லாத நாள். காலை ஐந்தரைக்குப் பால் வண்டி வருமுன் ஷட்டரைத் தூக்குகிறோம். இரவு பத்தரைக்குக் கல்லாவை எண்ணி, சிட்டையைப் பேரேட்டில் ஏற்றிய பிறகுதான் வீடு திரும்புகிறோம். மே 5 வணிகர் தினத்தன்று கடையை அடைத்தாலும், அன்று மாநாட்டுப் பந்தலில்தான் உட்கார்ந்திருக்கிறோம்.

போடிநாயக்கனூரில் கடை வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. வாசலில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரிகிறது. 2023 ஜூனில் சென்னை ரயில் போடி வரை வந்த பிறகு வெளியூர்க் கூட்டமும் கூடியிருக்கிறது. அவர்கள் நம்மிடம் தண்ணீர் பாட்டிலும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு போடிமெட்டு ஏறுகிறார்கள். நாம் பில் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரைப் பார்க்கிறோம்.

இந்த நிலையில்தான், மலையில் ஓர் ஓய்வு இடம் சொந்தமாக வாங்கலாமே என்ற பேச்சு எங்கள் நான்கு பேருக்குள் கிளம்பியது. நான்கு பேரும் மளிகைக்காரர்கள். அந்தப் பேச்சு எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை, மற்ற வியாபாரிகளுக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறோம்.

மலையில் கண்ட வண்டி வீடு

ஆரம்பித்து வைத்தவர் எங்களில் மூத்தவரின் வீட்டம்மா. "முப்பது வருஷமா அந்த மலையைக் கடைக்குள்ளே இருந்தே பார்க்கிறேன். ஒரு ராத்திரி அங்கே தங்கினது கிடையாது" என்று ஒருநாள் சொல்லிவிட்டார். அண்ணாச்சியிடம் பதில் இல்லை. அடுத்த வாரமே, கேரளப் பக்கம் ஒரு தோட்டத்துக்குள் "கேரவன் பார்க்" போட்டிருக்கிறார்கள், அதில் வண்டி விற்கிறார்கள் என்று ஒரு தரகர் மூலம் செய்தி வந்தது.

கேரவன் என்றால் நமக்கு சினிமா நட்சத்திரங்களின் வண்டிதான் ஞாபகம் வரும். இதுவும் அதே ஜாதிதான், ஆனால் ஓடுவதில்லை. படுக்கை, சின்ன அடுப்படி, குளியலறை எல்லாம் அடங்கிய வண்டியை ஒரே இடத்தில் நிறுத்தி வைத்து, பக்கவாட்டில் கெட்டித் துணியும் தகரமும் கொண்டு ஒரு சாய்ப்பு இறக்கியிருப்பார்கள். வண்டிக்குள் இருவர் படுக்கலாம். சாய்ப்பில் நான்கு பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். பிள்ளைகளுக்குப் பாய் விரிக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டுக் கிளம்பினோம். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, போடிமெட்டில் எல்லையைக் கடந்து பூப்பாறைப் பக்கம் போனோம். ஏலத் தோட்டத்துக்கு நடுவே ஏழெட்டு வண்டிகள் நின்றன. மூடுபனி, குளிர்ந்த காற்று, கையில் சூடான தேநீர். விற்க வந்த இளைஞர் பேச்சில் கெட்டிக்காரர். சாய்ப்போடு சேர்த்து விலை 8 லட்சம் என்றார். "இன்றைக்கே அட்வான்ஸ் போட்டால் ஐம்பதாயிரம் தள்ளுபடி, சார்" என்றார்.

அண்ணாச்சியின் கை செக் புத்தகத்துக்குப் போய்விட்டது. அவரிடம் இருந்த பணம் எது என்று எங்களுக்குத் தெரியும். தீபாவளிச் சரக்குக்கென்று ஒதுக்கியது. அதில் ஒரு பங்கு விருதுநகர் பருப்பு மண்டிக்குப் போக வேண்டியது. "ஒரு வாரம் தவணை கொடுங்கள். ஒப்பந்த நகலையும் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினோம். அந்த ஒரு வாரத்தில் நாங்கள் அறிந்துகொண்டவைதான் இனி வருவன.

பிற தேசத்து அனுபவம்

எங்களில் ஒருவரின் மருமகன் சிட்னியில் வேலை பார்க்கிறார். போனில் விஷயத்தைச் சொன்னதும், "மாமா, இங்கே கடற்கரை நெடுக இதே கதைதான்" என்றார். ஆஸ்திரேலியாவில் கடலோர விடுமுறைப் பூங்காக்களில் சாய்ப்போடு கூடிய கேரவனை வாங்கிப் போட்டு, வார இறுதியில் குடும்பத்தோடு போய் வருவது அங்கே வெகுநாள் பழக்கம். அங்கே வண்டி மட்டுமே வாங்கியவருடையது. அது நிற்கும் இடம் பூங்காவுடையது. அதற்கு ஆண்டுதோறும் இட வாடகை உண்டு.

இதில் தகராறுகள் வந்ததால்தான் சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2002-ல் தனிச் சட்டமே போட்டது. எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். இவ்வாறு வைத்திருப்பவர் அதை நிரந்தர வீடாக்கிக்கொள்ள முடியாது. 12 மாதத்தில் 180 நாளுக்கு மேல் அங்கே தங்கக் கூடாது. இங்கிலாந்துக் கடற்கரைகளிலும் இதே ஏற்பாடுதான். இடத்துக்கு உரிமம் மட்டும் கொடுப்பார்கள். வண்டி பழசானால் எடுத்துவிட வேண்டும் என்று வயது வரம்பு வைக்கும் பூங்காக்களும் உண்டு. விற்கப் போனால் பூங்காவுக்குக் கமிஷன்.

நம் பக்கம் இது புதிது. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென ஒரு கொள்கையை அறிவித்தது. முதல் 100 வண்டிகளுக்கு ஏழரை லட்சம் ரூபாய் அல்லது முதலீட்டில் 15 சதவீதம், இவற்றில் எது குறைவோ அது மானியம் என்றார்கள். 2022 பிப்ரவரியில் இடுக்கி மாவட்டம் வாகமணில் முதல் கேரவன் பார்க் திறக்கப்பட்டது. ஆனால் அந்தத் திட்டம் வண்டியை ஓட்டிச் சுற்றுலாத் தொழில் நடத்துவோருக்கானது. நம்மைப் போல் ஒருவர் தன் குடும்பத்துக்கு வாங்கி ஒரே இடத்தில் நிறுத்துவது வேறு விஷயம். "அரசாங்கத் திட்டம், சார்" என்று யாராவது சொன்னால், எந்தத் திட்டம், அதில் நமக்கு என்ன இடம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடிமனை என்னும் ஆணிவேர்

கோயில் இடத்தில் கடை வைத்திருக்கும் அன்பர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. கட்டடம் நம் செலவில் எழும்பியது, அடிமனை கோயிலுடையது. மாதம் தவறாமல் அடிமனை வாடகை கட்டுகிறோம். வாடகையை உயர்த்தினால் சங்கத்தோடு சேர்ந்து போய் முறையிடுகிறோம். கேரவன் பார்க்கும் அடிமனைச் சமாசாரம்தான். ஆனால் இங்கே முறையிடச் சங்கமும் இல்லை. தலைமுறை அனுபவமும் இல்லை.

நாங்கள் வாங்கி வந்த ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரிடம் படிக்கக் கொடுத்தோம். அதில் இருந்தவை இவை:

1. இடத்துக்குப் பதினோரு மாத அனுமதி மட்டுமே. புதுப்பிப்பது பூங்காவின் விருப்பம்.

2. மாத வாடகை 6,000 ரூபாய். ஆண்டுதோறும் உயர்த்தலாம்; உயர்வுக்கு வரம்பு எழுதப்படவில்லை.

3. பத்து ஆண்டு கழிந்த வண்டியைச் சொந்தச் செலவில் அப்புறப்படுத்த வேண்டும்.

4. நடுவில் விற்பதானால் பூங்கா மூலமாகத்தான் விற்க வேண்டும். 15 சதவீதம் கமிஷன்.

5. சாய்ப்பில் எந்த மாற்றம் செய்வதானாலும் பூங்கா சொல்லும் ஆளை வைத்துத்தான் செய்ய வேண்டும்.

வண்டியைத் தனியே இழுத்து வந்தால் அது பழைய வண்டி. சாய்ப்பைப் பிரித்தால் அது பழைய துணியும் தகரமும். 8 லட்சம் மதிப்பு என்பது அந்த இடத்தில் நிற்கும் வரைதான். அந்த இடமோ பதினோரு மாதத்துக்கு மட்டும்.

மலை நிலத்தின் சிக்கல்

அடிமனை பூங்காவுடையது என்றோம். பூங்காவுக்காவது அது உறுதியானதா என்பது அடுத்த கேள்வி.

ஏல மலையில் நிலம் என்பது நம் ஊர் நஞ்சை புஞ்சை போல் அல்ல. பெரும்பகுதி ஏலச் சாகுபடிக்கென்று குத்தகைக்கு விடப்பட்டது. பட்டா கொடுக்கப்பட்ட இடங்களிலும், கேரளத்தின் 1964-ஆம் ஆண்டு நில ஒதுக்கீட்டு விதிகளின்படி விவசாயத்துக்கும் குடியிருப்புக்கும் என்று கொடுத்தவை ஏராளம். அத்தகைய நிலத்தில் விடுதி கட்டியது தொடர்பான வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடக்கின்றன. 2007-ல் மூணாறில் ஆக்கிரமிப்பு என்று சொல்லி விடுதிகளை இயந்திரம் வைத்து இடித்ததை நாம் எல்லோரும் செய்தியில் பார்த்தோம். 2023-ல் கேரளச் சட்டசபை அந்த நில ஒதுக்கீட்டுச் சட்டத்தைத் திருத்தியது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஏல மலைக் காட்டுப் பகுதியில் புதிதாகப் பட்டா வழங்கவும், நிலத்தை வணிகப் பயனுக்கு மாற்றவும் இடைக்காலத் தடை விதித்தது.

"இது கட்டடம் இல்லையே, சார். சக்கரம் வைத்த வண்டிதானே" என்பது விற்பவரின் பதில். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் சாய்ப்பு, கழிவுநீர்த் தொட்டி, மின் இணைப்பு, சிமெண்டுத் தளம் எல்லாம் நிலத்தில் ஊன்றியவை. ஆகவே பட்டாவின் நகல், அது எந்த விதியின் கீழ் எந்தப் பயனுக்குக் கொடுக்கப்பட்டது என்ற விவரம், ஊராட்சி உரிமம் இம்மூன்றையும் கண்ணால் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்கக் கூடாது. மலையாளத்தில் இருக்கும் பத்திரத்தைப் படிக்கத் தெரிந்தவரை உடன் வைத்துக்கொள்வது நல்லது.

எல்லைக்கு அப்பால்

போடிமெட்டு நமக்குப் பக்கத்து ஊர் போலத் தோன்றலாம். சட்டப்படி அது இரண்டு மாநிலங்களின் எல்லை. தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவின்படி அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அங்கே வரி கட்டும் செலவும் வரும். ஓடாமல் நிற்கும் வண்டிதானே என்று பதிவுச் சான்றையும் காப்பீட்டையும் காலாவதியாக விட்டுவிட்டால், பிறகு விற்கும்போதுதான் தொல்லை தெரியும்.

2020 ஊரடங்கில் எல்லைச் சோதனைச் சாவடி மூடியபோது, மேலே தோட்டம் வைத்திருந்த நம் ஊர் ஏல வியாபாரிகள் தங்கள் சொந்தத் தோட்டத்துக்கே பாஸ் இல்லாமல் போக முடியாமல் தவித்தார்கள். அப்போது ஓய்வு வண்டியைப் பார்க்கப் பாஸ் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அரிசி வாசனையும் யானையும்

மளிகைக்காரர்கள் ஆனதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. பூப்பாறையிலிருந்து மூணாறு போகும் வழியில் ஆனையிறங்கல் அணை இருக்கிறது. யானை இறங்கும் இடம் என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதை ஒட்டிய சின்னக்கானலில்தான் அரிக்கொம்பன் என்ற யானை இருந்தது. அரிசிக்காக ரேஷன் கடைகளையும் வீடுகளையும் உடைத்ததால் வந்த பெயர் அது. 2023 ஏப்ரலில் அதை மயக்க ஊசி போட்டுப் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே மாதம் அது கம்பம் நகருக்குள்ளேயே வந்து நின்றது. ஜூனில் மறுபடி பிடித்துத் திருநெல்வேலிப் பக்கத்து மலைக்குக் கொண்டுபோனார்கள்.

ஓடு போட்ட ரேஷன் கடையை உடைத்த யானைக்குத் துணிச் சாய்ப்பு எந்த மூலை? அரிக்கொம்பன் போய்விட்டாலும் அந்த வட்டாரத்தில் வேறு யானைகள் இருக்கின்றன. சாய்ப்பில் அரிசி மூட்டை, வாழைத்தார், வெல்லம் வைத்துவிட்டுத் தூங்குவது ஆபத்து.

மழையும் ஒரு கணக்கு. நம் ஊர் மலைக்குக் கிழக்கே இருப்பதால் தென்மேற்குப் பருவமழையின் வேகம் நமக்குத் தெரிவதில்லை. மேலே ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்க்கும். ஐப்பசி மழை வேறு. பூட்டிக் கிடக்கும் வண்டிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். சாய்ப்புத் துணி இற்றுப்போகும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இடுக்கி மாவட்டம் பட்ட பாட்டையும், 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் மண் சரிந்து எழுபது பேர் மாண்டதையும் மறந்துவிடக் கூடாது. வண்டி நிற்கும் சரிவு எப்படி வெட்டப்பட்டது, மேலிருந்து வரும் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று மழைக்காலத்தில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பேரேட்டுக் கணக்கு

இனி நமக்குப் பழக்கமான வேலைக்கு வருவோம். எங்களுக்குச் சொன்ன விலையை வைத்து, ஓர் ஆண்டுச் செலவை முழு எண்களாகப் போட்டுப் பார்த்தோம்.

இட வாடகை, மாதம் 6,000 வீதம்: 72,000
காப்பீடு, ரிப்பேர், துணி மாற்றுவது: 28,000
8 லட்சத்தை வங்கியில் போட்டிருந்தால் 7 சதவீத வட்டி: 56,000
தேய்மானம் (பத்து ஆண்டில் 2 லட்சம் தேறும் என்று வைத்து): 60,000
மொத்தம்: 2,16,000

ஒரு மளிகைக்காரர் ஆண்டில் எத்தனை இரவு மலையில் தங்க முடியும்? பிள்ளைகளுக்கு விடுமுறை விடும் பொங்கலும் தீபாவளியும் நமக்கு வியாபாரச் சீசன். தாராளமாக வைத்தாலும் 12 இரவு. அப்படியானால் ஓர் இரவுக்கு 18,000 ரூபாய் ஆகிறது. நல்ல விடுதியில் அறை 3,500 என்று வைத்தால் 12 இரவுக்கு 42,000-தான். கேரவன் கட்டுப்படியாக வேண்டுமென்றால் ஆண்டில் 62 இரவு அங்கே இருக்க வேண்டும். அவ்வளவு நாள் கடையை விட்டால், பிறகு ஓய்வு தேவைப்படாது; கடையே இருக்காது.

"நீங்கள் வராத நாளில் வாடகைக்கு விட்டுத் தருகிறோம்" என்றார் விற்பவர். அதையும் போட்டுப் பார்த்தோம். 60 இரவு 3,000 ரூபாய்க்குப் போனால் 1,80,000. அதில் 40 சதவீதம் பூங்காவுக்கு. துப்புரவு, சலவை இரவுக்கு 500 வீதம் 30,000. நம் கைக்கு 78,000. அப்போதும் நமது இரவு ஒன்றுக்கு 11,500 விழுகிறது. அந்த 60 இரவும் நிரம்பும் என்பது வாய்ச்சொல்; ஒப்பந்தத்தில் இல்லை.

இதில் இன்னொரு நுணுக்கம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடு இருந்தால் நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் செய்யலாம். கேரளத்துக்கு அலைய வேண்டாம். ஆனால் வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கவே வாங்கினார் என்று எதிர்த்தரப்பு வாதிட அது வழி கொடுத்துவிடும்.

மண்டியிலிருந்து ஒரு பாடம்

2019 ஆகஸ்டில் ஏலக்காய் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது போடிக்காரர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அந்த விலை நிலைக்கும் என்று நம்பித் தோட்டத்தையும் நிலத்தையும் பிடித்தவர்கள் உண்டு. 2021-ல் அதே ஏலக்காய் ஆயிரத்துக்கும் கீழே வந்தது. சீசனில் வந்த பணம் முதலைப் போலத் தோன்றும். அடுத்த சீசன் வரும்போதுதான் அது சரக்குப் பணம் என்று தெரியும். சரக்கில் போட்ட பணம் மாதந்தோறும் சுழன்று வருகிறது. இந்தக் கேரவனோ சக்கரம் இருந்தும் சுழலாத முதல். ஆனையைக் கட்டித் தீனி போடுவது என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

எல்லோருக்கும் இது கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. தொழிலைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டவர், மாதத்தில் ஒரு வாரம் மேலே இருக்கக் கூடியவர், போனால் போகட்டும் என்று ஒதுக்கக் கூடிய பணம் உள்ளவர் தாராளமாக வாங்கலாம். அவரும்கூட ஒப்பந்தக் காலம் வண்டியின் ஆயுளுக்குக் குறையாமல் இருக்கிறதா, வாடகை உயர்வுக்கு வரம்பு எழுதியிருக்கிறதா, நம் காலத்துக்குப் பின் வாரிசுக்கு மாறுமா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும். கடை முதலை எடுத்து வாங்குவது மட்டும் எவருக்கும் ஆகாது.

எங்கள் அண்ணாச்சி கணக்கைப் பார்த்தார். பேசாமல் செக் புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்தார். பருப்பு மண்டிக்குப் பணம் உரிய நாளில் போனது. தீபாவளி வியாபாரம் முடிந்து கார்த்திகை பிறந்ததும், வீட்டம்மாவை அழைத்துக்கொண்டு மூன்று நாள் மலைக்குப் போய் வந்தார். வாடகை அறைதான். கடையை மகன் பார்த்துக்கொண்டான். திரும்பி வந்து பார்த்தபோது கல்லாவில் 340 ரூபாய் இடித்தது. அண்ணாச்சி அதை ஓய்வுச் செலவு என்று பேரேட்டில் எழுதிவிட்டார்.

இப்போது எங்கள் நால்வருக்குள் ஓர் ஏற்பாடு. ஆளுக்கு மாதம் 1,500 ரூபாய் தனியே எடுத்து வைக்கிறோம். ஒருவர் போகும்போது மற்ற மூவரும் அவர் கடையை ஒரு கண் பார்த்துக்கொள்கிறோம். ஆண்டில் மூன்று முறை, ஒவ்வொரு குடும்பமும். சங்க அன்பர்களும் தெருவுக்குத் தெரு இப்படிச் சேர்ந்து செய்து பார்க்கலாம். மலையில் இடம் வாங்குவதற்கு முன்னால், மலைக்குப் போக நாள் வாங்க வேண்டும். அதை நமக்கு எந்தத் தரகரும் விற்க முடியாது.